ஓர் ஓதுவாரின் ஆறு மாதங்கள்: அதிமதுரமும் இரத்த அழுத்த மாத்திரையும்

காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூரில் 19 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்த்து வருகிறேன். என்னிடம் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு ஆடியில் தொடங்கி மார்கழி வரை நடந்ததையும், பிறகு அவர் தேறி வந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். எழுதி முடித்ததும் அவருக்கும் அவர் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் சம்மதித்த பிறகே இது வெளிவருகிறது. ஊர், கோயில், ஆஸ்பத்திரி எதற்கும் பெயர் சொல்லவில்லை. என் பிழைகளை மட்டும் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். இந்த நிகழ்வில் பாதிக்கு மேல் அவைதான்.

பின்னணி

அவருக்கு அப்போது வயது 61. சிவன் கோயில் ஓதுவார். இளம் வயதில் தேவாரப் பாடசாலையில் படித்தவர். காலையும் மாலையும் சன்னதியில் பதிகம் பாடுவார். மாலைப் பூசைக்கு முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பண்ணோடு பாடச் சொல்லித் தருவார். புகை, மது இல்லை. குரல் கெடும் என்று வெற்றிலைகூடப் போடுவதில்லை. அந்த வீட்டுக்குச் சோறு போடுவது அவருடைய தொண்டை. இதை நான் நன்றாக அறிவேன். அறிந்தும் என்ன செய்தேன் என்பது பின்னால் வருகிறது.

எட்டு ஆண்டுகளாக அவருக்கு இரத்த அழுத்தம். அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை. மேல் அளவு 130க்கும் 138க்கும் இடையில், கீழ் அளவு 86ஐத் தாண்டாமல் இருந்து வந்தது. சர்க்கரை கிடையாது. சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, பொட்டாசியம் 4.2. மாத்திரையை மறக்கிறவர் அல்ல. பூசை நேரம் தவறாத மனிதருக்கு மாத்திரை நேரமும் தவறாது.

ஆடி: புதிய மாத்திரை

ஆடி முதல் வாரத்தில் அழுத்தம் 150/94. பத்து நாள் கழித்து மறுபடி பார்த்தேன், ஏறக்குறைய அதே அளவு. சிறுநீரில் லேசாகப் புரதம் கசிந்தது. சிறுநீரகத்தையும் காக்கட்டும் என்று அம்லோடிபினோடு எனலாப்ரில் 5 மில்லிகிராம் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை: கிரியாட்டினின் 1.0, பொட்டாசியம் 4.4. மருந்தைத் தேர்ந்த காரணத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை.

குறை வேறொன்றில் இருந்தது. எனலாப்ரில் வகை மாத்திரை எடுப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு வறட்டு இருமல் வரும். அந்த மாத்திரை தடுக்கும் அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. நொதி அடைபட்டால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கும், தொண்டையில் ஓயாத அரிப்பும் சளியில்லாத இருமலும் வரும். மருத்துவப் படிப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்யும் செய்தி இது. பாடிப் பிழைக்கும் ஒருவருக்கு இதை எழுதிக் கொடுத்தபோது, "இருமல் வந்தா உடனே சொல்லுங்கய்யா" என்ற ஒரு வரியை நான் சொல்லவில்லை.

ஆவணி, புரட்டாசி: தொண்டை

ஆவணிக் கடைசியில் வந்தார். அழுத்தம் 134/82. எனக்குத் திருப்தி. எழுந்து போகும்போது, "தொண்டை கொஞ்சம் கரகரங்குதுங்க டாக்டரம்மா, ராத்திரியில இருமல்" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. ஐந்து நாளைக்கு இருமல் சிரப் எழுதிக் கொடுத்தேன். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். புது மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்ததை நான் யோசிக்கவில்லை.

சிரப்பில் இருமல் நிற்கவில்லை. புரட்டாசியில் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கினார். தொண்டைக்கு அதிமதுரம் என்பது அவருக்குப் பாடசாலையிலேயே தெரிந்த செய்தி. அவருடைய ஆசிரியர் வேர்த்துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்துவாராம். முதலில் இரவில் பாலில் ஒரு ஸ்பூன். குடித்தால் தொண்டை இளகியது, ஒரு மணி நேரம் இருமல் அடங்கியது. அது பிரமை அல்ல. அதிமதுரம் தொண்டையின் எரிச்சலைத் தணிக்கும். தணிந்ததால்தான் அவர் விடாமல் எடுத்தார்.

இந்த விவரம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. மார்கழிக்குப் பிறகு அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது.

ஐப்பசி, கார்த்திகை: அளவு ஏறுகிறது

தீபாவளி கழிந்து வந்தபோது 148/90. முறுக்கு, மிக்சர் என்று உப்பு கூடியிருக்கும் என்று நினைத்தேன். அவரிடமும் அதையே சொன்னேன். எனலாப்ரிலை இரு வேளையாக்கினேன்.

மாத்திரை கூடியது, இருமலும் கூடியது. இருமல் கூடியதால் அதிமதுரம் காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை ஆயிற்று.

கார்த்திகை மூன்றாம் வாரத்தில் 164/98. எட்டு ஆண்டு கட்டுக்குள் இருந்த அழுத்தம், இரண்டு மாத்திரை போட்டும் ஏன் ஏறுகிறது என்ற கேள்வி எனக்கு வந்தது. அந்த அளவில் நான் சரியாகவே யோசித்தேன். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன், கணக்கு சரியாக இருந்தது. பிறகு கேட்டேன்: "வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

கேட்டுவிட்டேன், பதிலும் வந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போனேன். அம்லோடிபினை 10 ஆக்கினேன்.

மார்கழி 8: நீர் மாத்திரை

கணுக்கால் வீக்கத்தோடு வந்தார். அழுத்தம் 172/102. அம்லோடிபின் 10 மில்லிகிராமில் கால் வீங்குவது சாதாரணம். அதனால் அந்த வீக்கத்துக்கு அம்லோடிபினே காரணம் என்று வைத்துக்கொண்டேன். அதை மறுபடி 5க்கு இறக்கி, குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரையை 12.5 மில்லிகிராம் சேர்த்தேன். மூன்று வகை மருந்தில் ஒன்று நீர் மாத்திரையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான நெறி. அதைத்தான் பின்பற்றினேன்.

நெறியில் இன்னொரு பாதியும் உண்டு. கட்டுக்குள் இருந்த அழுத்தம் காரணம் தெரியாமல் ஏறினால், நீர் மாத்திரை தொடங்குமுன் பொட்டாசியம் பார்க்க வேண்டும். ஆடியில் பார்த்த 4.4 கையில் இருந்தது, நான்கு மாதத்துக்கும் மேல் பழைய எண். அதை நம்பித் தொடங்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். "ஆருத்ரா தரிசனம் முடியட்டுங்கம்மா, அப்புறம் வந்து குடுக்கறேன்" என்றார். சரி என்றேன். அன்றைக்கே பரிசோதனைக்கு இரத்தம் எடுத்திருந்தால் அடுத்து வந்த எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மார்கழியில் ஓதுவாருக்கு ஓய்வு கிடையாது. விடியுமுன் திருப்பள்ளியெழுச்சி, திருவெம்பாவை இருபது பாட்டும். பனி வேறு. அந்த நாட்களில் பொடி போதாமல் வேர்த்துண்டையும் வாயில் அடக்கிக்கொண்டிருந்தார்.

மார்கழி 24: விழுதல்

அதிகாலை சன்னதியில் சம்மணமிட்டுப் பாடியவரால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை கல்லாய்க் கனத்தது என்றார். இருவர் தூக்கிவிட்டார்கள். நாலடி நடந்ததும் முழங்கால் மடங்கி விழுந்தார். ஆட்டோவில் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

அழுத்தம் 178/104. பேச்சு தெளிவு, முகம் கோணவில்லை. இரண்டு தொடையிலும் ஒரே அளவு பலவீனம், அதனால் பக்கவாதம் அல்ல. நாடி இடையிடையே தவறியது. ஈசிஜியில் டி அலை தட்டையாகி, அதை ஒட்டி யு அலை எழுந்திருந்தது. கூடுதல் துடிப்புகளும் தெரிந்தன. பொட்டாசியம் விழுந்த இதயம் இப்படித்தான் எழுதும். குளோர்தாலிடோனை அந்த நிமிடமே நிறுத்தச் சொல்லி, கடிதம் எழுதி, ஈசிஜி தாளையும் கையில் கொடுத்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

அங்கே பார்த்ததில் பொட்டாசியம் 2.4. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். சோடியம் 146. இரத்தத்தில் காரத்தன்மை கூடியிருந்தது. சிறுநீரில் பொட்டாசியம் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள்

இதயத்துடிப்பை மானிட்டரில் வைத்து, நரம்பு வழியாகவும் வாய் வழியாகவும் பொட்டாசியம் கொடுத்தார்கள். நீர் மாத்திரையால் குறைந்தது என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினோம். ஆனால் 12.5 மில்லிகிராம் குளோர்தாலிடோன் 16 நாளில் ஒருவரை 2.4க்குக் கொண்டுபோவது அரிது. அதிலும் எனலாப்ரில் எடுப்பவருக்குப் பொட்டாசியம் சற்று ஏறியிருக்க வேண்டும். அங்கிருந்த மூத்த மருத்துவர் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார். உயர் அழுத்தம், குறைந்த பொட்டாசியம், காரமான இரத்தம் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருந்து அல்டோஸ்டிரோன் மிகையாகச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். ரெனின், அல்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு இரத்தம் வெளி ஆய்வகத்துக்குப் போயிற்று. வயிற்று சிடி ஸ்கேனுக்கும் நாள் குறித்தார்கள்.

இரண்டாம் நாள் பொட்டாசியம் 2.8. மூன்றாம் நாள் 2.9. நான்காம் நாள் காலை 2.7. ஊற்ற ஊற்றக் குறைந்தது. வார்டில் இருந்த முதுநிலை மாணவர் தினமும் மாலையில் எனக்குத் தகவல் சொல்வார். அன்று அவர் குரலில் கவலை தெரிந்தது.

பிளாஸ்க்

நான்காம் நாள் மாலை. வார்டு சிஸ்டர் அளவு எழுத வந்தபோது, அம்மா பிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கணவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாய்வழி நீர் எவ்வளவு என்று குறிக்க வேண்டுமே என்று சிஸ்டர் கேட்டார்: "என்னம்மா இது, காப்பியா?"

"காப்பி இல்லம்மா. தொண்டைக்கு. அதிமதுரம் போட்டுக் காய்ச்சினது. மூணு வேளையும் வீட்லேந்து கொண்டாந்துடுவேன், இது இல்லாட்டி அவருக்கு இருமல் நிக்காது."

சிஸ்டர் அதை நீர்க்கணக்குத் தாளில் எழுதினார், அதிமதுரத் தண்ணீர் 200 மில்லி என்று. அந்த ஒரு வரியை இரவு சுற்றில் முதுநிலை மாணவர் படித்தார். பிளாஸ்க்கை வாங்கி வைத்துவிட்டு, எத்தனை நாளாக, எவ்வளவு என்று உட்கார்ந்து கேட்டார். பிறகு எதற்காக என்று கேட்டார். "இருமலுக்கு." எப்போதிலிருந்து? "ஆவணியிலேந்து." அதற்கு முன்னால் மருந்து எதுவும் மாற்றினார்களா? "ஆடியில டாக்டரம்மா ஒரு மாத்திரை சேர்த்தாங்க."

இரவு பத்தரைக்கு எனக்குப் போன் வந்தது. அவர் சொன்னது இரண்டே வாக்கியம். அழுத்தம் ஏறியது அதிமதுரத்தால். அதிமதுரம் எடுத்தது எனலாப்ரில் இருமலால். ஆறு மாதமும் என் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றது. நான் கொடுத்த மாத்திரை இருமலைத் தந்தது. இருமல் அதிமதுரத்தைக் கொண்டுவந்தது. அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றியது. ஏறிய அழுத்தத்துக்கு நான் அதே மாத்திரையைக் கூட்டினேன். கடைசியில் நீர் மாத்திரையும் சேர்த்து அவரைக் கீழே தள்ளினேன்.

உடலுக்குள் நடந்தது

சிறுநீரகக் குழல்களில் உப்பைப் பிடித்து வைக்கும் ஏற்பி ஒன்று உண்டு. அல்டோஸ்டிரோன் வந்து அமர்ந்தால் அது சோடியத்தை உள்ளே இழுத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். கார்டிசால் என்ற வேறொரு ஹார்மோனும் அதே இடத்தில் அமர வல்லது. இரத்தத்தில் அல்டோஸ்டிரோனைவிடக் கார்டிசால் பல மடங்கு அதிகம். எனவே அங்கே ஒரு காவல் இருக்கிறது: 11 பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டீஹைட்ரஜனேஸ் இரண்டாம் வகை என்ற நொதி. வரும் கார்டிசாலை எல்லாம் அது செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும்.

அதிமதுரத்துக்கு இனிப்பைத் தருவது கிளிசிரைசின். குடலில் அது கிளிசிரெட்டினிக் அமிலமாக மாறி இரத்தத்தில் கலந்து, அந்தக் காவல் நொதியை முடக்கும். கார்டிசால் தடையில்லாமல் ஏற்பியில் போய் அமரும். உப்பும் நீரும் தேங்கும், கால் வீங்கும், அழுத்தம் ஏறும், பொட்டாசியம் போகும். உப்பு மிகுந்துவிட்டதை உணரும் உடல் ரெனினையும் அல்டோஸ்டிரோனையும் அடக்கிவிடும்.

என் மாத்திரைகள் ஏன் தோற்றன என்பது இங்கே விளங்கும். எனலாப்ரிலின் வேலை ரெனின் தொடங்கிவைக்கும் சங்கிலியை அறுப்பது. இவர் உடம்பில் அந்தச் சங்கிலி ஏற்கெனவே ஓய்ந்து கிடந்தது. இல்லாத ஒன்றை அறுக்க நான் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அம்லோடிபின் இரத்தக்குழாயை விரிக்கும், ஆனால் தேங்கிய உப்பை வெளியேற்றாது. குளோர்தாலிடோன் உப்பை வெளியேற்றும், ஆனால் கூடவே பொட்டாசியத்தையும் கொண்டுபோகும். ஏற்கெனவே ஒழுகிய பாத்திரத்தில் இன்னொரு துளை போட்டது போலாயிற்று.

அளவையும் பார்ப்போம். பொடி நாளுக்கு மூன்று ஸ்பூன், ஏறக்குறைய 9 கிராம். வேர்த்துண்டு நாளுக்கு 5 கிராம் இருக்கும். வேரில் கிளிசிரைசின் எவ்வளவு என்பது விளைந்த மண்ணையும் வகையையும் பொறுத்து மாறும். நூற்றுக்கு 3 என்று குறைத்தே வைத்தாலும் 420 மில்லிகிராம். ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. சுவீடனில் நலமாக உள்ள இளைஞர்களுக்கு இரண்டு வாரம் அந்த 100 மில்லிகிராமை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வெளியானது. அதிலேயே மேல் அழுத்தம் சராசரியாக 3 புள்ளி ஏறியிருந்தது. இவர் ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர், 61 வயது, நான்கு மடங்கு அளவு, வாரக்கணக்கில்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. 1946இல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் குடற்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கியதை எழுதி வைத்தார். 1968இல் அமெரிக்காவின் ஜெரோம் கான் இதை அல்டோஸ்டிரோன் மிகைபோலத் தோன்றும் நோய் என்று விவரித்தார். அட்ரினல் கட்டி நோய்க்குத் தம் பெயரையே தந்த அதே கான்தான். எடின்பரோவில் நொதியின் கதை 1987இல் தெளிவாயிற்று. எல்லாம் நான் படித்த பாடப்புத்தகத்தில் இருந்தவை. அவற்றில் வேற்று நாட்டவர் தின்னும் ஒரு கறுப்பு மிட்டாயின் பெயரில் இருந்ததால், என் தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் சாக்கில் கிடக்கும் வேரோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

தேறியது

பிளாஸ்க் நின்றது. எனலாப்ரிலும் நிறுத்தப்பட்டது. சிறுநீரகத்தில் அந்த ஏற்பியையே மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன் 25 மில்லிகிராம் தொடங்கினார்கள். மார்கழி 29இல் பொட்டாசியம் 3.3. அன்றுதான் வெளி ஆய்வகத் தாளும் வந்தது: அல்டோஸ்டிரோன் குறைவு, ரெனினும் குறைவு. எனலாப்ரில், நீர் மாத்திரை இரண்டுமே ரெனினை ஏற்றுபவை. அவற்றை எடுத்தும் ரெனின் தரையில் கிடந்ததால் ஐயம் தீர்ந்தது. சிடி ஸ்கேன் வேண்டாம் என்றார்கள்.

பொங்கலன்று மாலை, பொட்டாசியம் 3.7இல் வீட்டுக்கு வந்தார். எனலாப்ரிலுக்குப் பதில் டெல்மிசார்டன் 40 மில்லிகிராம். சிறுநீரகத்துக்கு அதே வகைக் காவல், இருமல் தராது. ஆனால் டெல்மிசார்டனும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்ந்தால் பொட்டாசியம் எதிர்ப்பக்கம் ஏறிவிடலாம். அதிமதுரத்தின் தாக்கம் விலக விலக அந்த ஆபத்து கூடும். ஆகவே தை மாதம் முழுக்க வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்தேன், இந்த முறை தள்ளிப்போட விடவில்லை. 4.1, 4.6, 5.0. மூன்றாவது எண்ணைப் பார்த்த அன்றே ஸ்பைரனோலாக்டோனை நிறுத்தினேன்.

இருமல் தைக் கடைசியில் தானாக நின்றது. மாசி நடுவில் அம்லோடிபின் 5, டெல்மிசார்டன் 40 இரண்டில் மட்டும் அழுத்தம் 132/80. கால் வலு திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. சம்மணமிட்டு அமர்ந்து தானாக எழ இன்னும் இரண்டு வாரம்.

ஏன் சொல்லவில்லை

மாசியில் ஒரு நாள் இருவரும் வந்திருந்தபோது கேட்டேன். குற்றமாக அல்ல, எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "கார்த்திகையில கேட்டேனேய்யா, வேற மருந்து சாப்பிடறீங்களான்னு?"

"மருந்துன்னு கேட்டீங்கம்மா. அது மருந்தில்லையே, தொண்டைக்குத்தானே."

இது முதல் காரணம். அவர் பொய் சொல்லவில்லை. என் கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கு மருந்தல்ல. சுக்கு மருந்தா, மிளகு மருந்தா?

இரண்டாவது காரணத்தை அம்மா சொன்னார், தயங்கித்தான். சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலோடு வந்தபோது நிலவேம்புக் குடிநீர் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். "இந்தக் கஷாயத்தை எல்லாம் குடிச்சிட்டு அப்புறம் எதுக்கு இங்க வர்றீங்க" என்று நான் எரிந்து விழுந்தேனாம். எனக்கு நினைவே இல்லை. அவர்களுக்கு இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில், டாக்டரம்மாவிடம் கஷாயப் பேச்சை எடுக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. நான் மறந்துபோன ஒரு வாக்கியம் ஒரு நோயாளியின் வாயை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. இந்த நிகழ்வில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னை வருத்தியது. மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது மாற்றிக்கொண்டது

கேள்வியை மாற்றிவிட்டேன். "வேற மருந்து" என்று கேட்பதில்லை. "தொண்டைக்கு, வயித்துக்கு, தூக்கத்துக்கு, மூட்டுவலிக்கு வீட்ல என்ன எடுத்துக்கறீங்க? பொடி, லேகியம், கஷாயம் எதுவானாலும் டப்பாவோட கொண்டாங்க, திட்ட மாட்டேன்" என்று கேட்கிறேன். கடைசிச் சொல் இல்லாவிட்டால் டப்பா வருவதில்லை.

டப்பாக்கள் வந்தபோதுதான் எத்தனை விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது என்று புரிந்தது. தூக்கத்துக்குச் சர்ப்பகந்தா மாத்திரை எடுத்துக்கொண்டே என்னிடம் அட்டெனலால் என்ற பி.பி. மாத்திரை வாங்கிப்போன ஒருவருக்கு நாடி 48இல் இருந்தது. சர்ப்பகந்தா ஏமாற்றுச் சரக்கல்ல. பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அது அழுத்தத்தைக் குறைப்பதை எழுதிய பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வேர் வேலை செய்ததால்தான் என் மாத்திரையோடு சேர்ந்து நாடியை இறக்கியது. இன்னொருவர் கொண்டுவந்த மூட்டுவலிப் பொடியில் பெயரே இல்லை. இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது, அதுவும் அழுத்தத்தை ஏற்றும். இருமல் சிரப் பாட்டில்களின் பின்பக்கத்தை இப்போது கண்ணாடி போட்டுப் படிக்கிறேன். மூலிகைச் சிரப்புகள் பலவற்றில் அதிமதுரம் இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்தப் பிரிவில் இருக்கும் மருத்துவரிடம் போய்ப் பேசினேன். 19 ஆண்டில் அதுவே முதல் முறை. "அதிமதுரம் நானும் தர்றேன் டாக்டர். நாள் கணக்கு வச்சுத்தான் தர்றேன். பி.பி. இருக்கறவங்களுக்குக் குடுக்கறதில்ல. கடையில மிட்டாய் மாதிரி அள்ளிட்டுப் போறாங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. இங்கே நடந்தது சித்த மருத்துவம் அல்ல. மருத்துவர் பார்வையில்லாமல் கடையில் வாங்கிச் சாப்பிட்டது. இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: எங்கள் இருவரிடமும் வரும் நோயாளிக்கு ஒரே நோட்டுப் புத்தகம், அவர் எழுதுவதும் நான் எழுதுவதும் அதிலேயே.

அழுத்தம் திடீரென்று அடங்க மறுத்தால், அடுத்த மாத்திரையை எழுதுமுன் பொட்டாசியம் பார்க்கிறேன். கால் வீங்கினால் அம்லோடிபின் மேல் பழியைப் போட்டு நகர்வதில்லை. எனலாப்ரில் எழுதும் நாளில் இருமலைப் பற்றிச் சொல்கிறேன், பாடுபவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் அதை எழுதுவதே இல்லை.

அதிமதுரம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: எப்போதோ ஒரு நாள் தொண்டைக்கு ஒரு துண்டு மென்றதற்காகப் பயப்பட வேண்டாம். அழுத்தமோ இதயநோயோ சிறுநீரக நோயோ இருந்து, தினமும் எடுத்து வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பி.பி. மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். தொடை கனப்பது, தசை பிடிப்பது, நெஞ்சு படபடப்பது இருந்தால் அன்றே பொட்டாசியம் பார்க்க வேண்டும்.

அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி இருக்கிறது: எனலாப்ரில் வேண்டாம், இருமல். அதிமதுரம் வேண்டாம், பொட்டாசியம். அதன் கீழே சித்த மருத்துவரின் கையெழுத்தும் என் கையெழுத்தும். சென்ற மார்கழியில் தொண்டைக்கு உப்புப் போட்ட வெந்நீர்க் கொப்பளிப்பும், பகலில் இரண்டு மணி நேரம் பேசாமல் இருப்பதும் போதுமாக இருந்தன. முப்பது நாளும் பாடினார். மார்கழி 20 அன்று பொட்டாசியம் 4.3, அழுத்தம் 134/82.